கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் சைக்கோடைனமிக் தெரபி செய்யும் மனநல மருத்துவரைத் தேடுவது எப்படி?

கடலூரில் வசிக்கும் எனக்கு, சைக்கோடைனமிக் தெரபி செய்யும் மனநல மருத்துவர் ஒருவரைக் கண்டுபிடிக்கப் பதினொரு மாதங்கள் ஆயின. அவற்றில் எட்டு மாதங்கள், தவறான கேள்வியைச் சரியான ஆட்களிடம் கேட்டுக்கொண்டிருந்ததால் வீணானவை. இந்தச் சிகிச்சையை உள இயக்கச் சிகிச்சை என்று தமிழில் எழுதுகிறார்கள். வாரம் ஒரு முறையோ இரு முறையோ, ஒரே கிழமையில், ஒரே நேரத்தில், ஒரே மருத்துவரிடம் நாற்பத்தைந்து அல்லது ஐம்பது நிமிடங்கள் பேசி, நம் வாழ்க்கையில் திரும்பத் திரும்ப நிகழும் ஒன்று எங்கிருந்து வருகிறது என்பதை, அந்த மருத்துவரோடு நமக்கு உண்டாகும் உறவையும் சேர்த்து ஆராய்வதே இதன் முறை. எனக்கு மாத்திரை தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்தது. ஆனால் எந்த அலுவலகத்துக்கு மாற்றலாகிப் போனாலும், மூன்றாவது மாதத்தில் மேலதிகாரியோடு அதே சண்டை அதே வார்த்தைகளில் வந்து நின்றது. அதற்கு மாத்திரை இல்லை என்பதை என் மருத்துவரே ஒப்புக்கொண்ட பிறகுதான் தேடத் தொடங்கினேன்.

1. இப்போது உங்களுக்கு இது ஏற்றதா என்று முதலில் கேளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். காதில் குரல் கேட்பது, பல நாள் தூங்காமலே உற்சாகம் பொங்கிக் கண்டபடி செலவழிப்பது, நிறுத்த முடியாத குடி, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் அதற்கான சிகிச்சையே முதலில் நடக்க வேண்டும். ஆழமான பேச்சுச் சிகிச்சை அதன் பிறகு வரலாம். கை கழுவிக்கொண்டே இருப்பது, பூட்டைத் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பது போன்ற எண்ணச் சுழற்சி நோய்க்கு, எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சி.பி.டி. வகைச் சிகிச்சையைத்தான் பெரும்பாலும் முதலில் பரிந்துரைக்கிறார்கள். தைராய்டு சுரப்புக் குறைவு மனச்சோர்வைப் போலவே தோன்றக்கூடும் என்பதால், டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனையை முன்னதாகவே செய்துவிடுவது நல்லது.

இதற்காகப் பெரிய மருத்துவரைத் தேட வேண்டியதில்லை. கடலூர் அரசு தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ உங்கள் ஊரில் உள்ள எந்த மனநல மருத்துவரிடமோ ஒரு முறை காட்டி, நோய் என்ன என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காத்திருக்க முடியாத நிலை என்றால், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். அங்கே உங்களுக்கு வாராந்தரத் தெரபி கிடைக்காது, ஆனால் அன்றைய இரவைக் கடக்க உதவி கிடைக்கும்.

2. யார் யார் என்று பிரித்தறியுங்கள்

மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மனநல மருத்துவத்தில் எம்.டி., டி.என்.பி. அல்லது டி.பி.எம். என்ற மேல்தகுதி பெற்றவர். இவர்தான் மருந்து எழுத முடியும். மருத்துவ உளவியலாளர் என்பவர் உளவியல் படித்து, எம்.ஃபில். போன்ற தொழிற்பயிற்சியை முடித்து, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு செய்தவர். இவர் தெரபி செய்வார், மருந்து எழுத மாட்டார். இந்த இரண்டுக்கும் வெளியே ஆலோசகர், பயிற்றுநர், வாழ்வியல் வழிகாட்டி என்ற பெயர்ப்பலகைகளோடு பலர் இருக்கிறார்கள். அவர்களில் நன்றாகப் பயின்றவர்களும் உண்டு, இரண்டு வாரச் சான்றிதழை மட்டும் சட்டம் போட்டு மாட்டியவர்களும் உண்டு.

மருத்துவரின் பதிவு எண் அவர் எழுதும் மருந்துச் சீட்டிலேயே இருக்க வேண்டும். அதை மாநில மருத்துவக் கவுன்சிலின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். ஆர்.சி.ஐ. பதிவையும் அப்படியே இணையத்தில் சரிபார்க்கலாம். இரண்டும் சேர்ந்து ஐந்து நிமிட வேலை. ஆனால் பதிவு எண் சொல்வது அவர் மருத்துவர் என்பதை மட்டுமே. இந்தக் குறிப்பிட்ட தெரபியில் பயிற்சி பெற்றவரா என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது. அதை அவரிடமே கேட்க வேண்டும். எப்படி என்பதை ஐந்தாம் படியில் சொல்கிறேன்.

3. காகிதங்களை ஒரே கோப்பில் சேருங்கள்

நான் முதலில் பார்த்த மூன்று மருத்துவர்களிடமும் என் கதையை முதலிலிருந்து சொன்னேன். மூன்று முறையும் மருந்தின் பெயரைத் தப்பாகச் சொன்னேன். நான்காவது முறை போகும்போது, மருந்துக்கடைப் பையில் கசங்கிக் கிடந்த சீட்டுகளைத் தேதி வரிசையில் அடுக்கிக் கொண்டுபோனேன். மருத்துவர் இரண்டே நிமிடங்களில் அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மீதி நேரம் முழுவதையும் எனக்குக் கொடுத்தார். கோப்பில் இருக்க வேண்டியவை இவை:

பழைய மருந்துச் சீட்டுகள் அனைத்தும், தேதி வரிசையில். இப்போது சாப்பிடும் ஒவ்வொரு மாத்திரைக்கும் பெயர், மில்லிகிராம் அளவு, தொடங்கிய மாதம். மருத்துவமனையில் தங்கியிருந்தால் அங்கே கொடுத்த டிஸ்சார்ஜ் சுருக்கம். கடந்த ஆறு மாதத்துக்குள் எடுத்த இரத்தப் பரிசோதனை முடிவுகள். ஆதார் நகல். குடும்பத்தில் யாருக்கேனும் மனநோய், தற்கொலை, குடிப்பழக்கம் இருந்ததா என்ற குறிப்பு. இவற்றோடு, நீங்களே கைப்பட எழுதிய ஒரு பக்கம்: என்ன தொல்லை, எப்போதிலிருந்து, எது திரும்பத் திரும்ப நிகழ்கிறது. இந்த ஒரு பக்கம் மற்ற எல்லாக் காகிதங்களையும் விட முக்கியமானது என்பது என் எண்ணம். எழுத மூன்று மாலைகள் பிடித்தாலும் எழுதுங்கள்.

பழைய சீட்டுகள் தொலைந்திருந்தால் முன்பு பார்த்த இடத்தில் கேளுங்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தன் மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமையை நோயாளிக்கு வழங்குகிறது. வாய்மொழியாகக் கேட்டபோது என்னை இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். வெள்ளைத்தாளில் தேதியிட்டு எழுதிக் கொடுத்தபோது பத்து நாட்களில் நகல் கிடைத்தது.

4. மூன்று வழிகளில் தேடுங்கள்

முதல் வழி, மருத்துவக் கல்லூரிகள். இந்த வட்டாரத்துக்கு வாய்த்த பெரிய வசதி இதுதான். கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. கடலூரிலிருந்து முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரிக்குப் போகும் சாலையிலேயே பிள்ளையார்குப்பத்திலும் கிருமாம்பாக்கத்திலும் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. வடக்கே காலாப்பட்டிலும், மேற்கே மதகடிப்பட்டுப் பக்கத்திலும் உண்டு. தெற்கே சிதம்பரத்தில், முன்பு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இருந்து இப்போது அரசுக் கல்லூரியாகிவிட்ட ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மனநல மருத்துவத்தில் எம்.டி. படிக்கும் மாணவர்கள் உளச்சிகிச்சையையும் கற்க வேண்டும். அதைப் பேராசிரியரின் மேற்பார்வையில் உண்மையான நோயாளிகளுக்குச் செய்துதான் கற்க முடியும். ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் என்று ஓடும் புறநோயாளிப் பிரிவில் மூத்த மருத்துவருக்கு இல்லாத நேரம், அந்த இளம் மருத்துவருக்கு மதியத்துக்கு மேல் இருக்கக்கூடும். அதற்குக் கட்டணமும் இல்லாமலோ மிகக் குறைவாகவோ இருக்கும்.

இப்படிப்பட்ட ஓர் இடத்தில் என் முதல் நாள் இப்படிப் போனது: ஏழு மணிக்குப் பதிவு வரிசையில் நின்றேன், பத்து மணிக்கு ஓர் இளம் மருத்துவர் அழைத்து, பிறந்தது முதல் அன்று காலை சாப்பிட்டது வரை ஒன்றரை மணி நேரம் விசாரித்து, பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டார். பக்கத்து நாற்காலியில் இருந்தவர் பொறுமையிழந்து, "மாத்திரைய எழுதிக் குடுங்க டாக்டர், பஸ்ஸு போயிடும்" என்று எழுந்துவிட்டார். நானும் அதே மனநிலையில்தான் இருந்தேன். உண்மையில் நாம் தேடி அலையும் ஆள் நம் எதிரிலேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கலாம். அந்த விசாரணையின் முடிவில், "எனக்கு வாரம் ஒரு முறை தெரபிக்கு வர விருப்பம், உங்கள் துறையில் அதற்கு ஏற்பாடு உண்டா?" என்று கேளுங்கள். கேட்காதவர்களுக்கு மாத்திரைச் சீட்டோடு அடுத்த மாதத் தேதி கிடைக்கும்.

இந்த வழியில் ஒரு பெரிய பொறி உண்டு. எம்.டி. படிப்பு மூன்று ஆண்டுகள்தான். இடையில் வேறு பிரிவுகளுக்கு அனுப்புவார்கள், இறுதித் தேர்வு வரும்போது எல்லாம் நின்றுபோகும். என்னிடம் நன்றாகப் பேசத் தொடங்கிய மருத்துவர் ஏழாவது வாரத்தில், "அடுத்த மாதம் நான் இங்கே இருக்க மாட்டேன்" என்றார். ஆகவே தொடங்கும் முன்பே, இங்கே இன்னும் எத்தனை மாதங்கள் இருப்பீர்கள் என்று கேட்டுவிடுங்கள். ஓராண்டுக்கு மேல் என்றால் தொடங்கலாம்.

இரண்டாவது வழி, தனியார் மருத்துவர்கள். மாலை நேரக் கிளினிக்கில் டோக்கன் வரிசை நீண்டிருக்கும் மருத்துவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இதற்கு உதவ மாட்டார். கூட்டம் குறைந்தவர், முன்பதிவில் மட்டும் பார்ப்பவர், பணி ஓய்வுக்குப் பிறகு சில நோயாளிகளை மட்டும் ஏற்பவர் ஆகியோரைத் தேடுங்கள்.

மூன்றாவது வழி, காணொளி. சென்னை, பெங்களூரு, கொல்கத்தா நகரங்களில் இதற்கென்றே பயின்றவர்கள் இருக்கிறார்கள். மருந்தும் அவரே எழுத வேண்டுமென்றால், 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள் சில வகை மருந்துகளைக் காணொளி வழியாக எழுதித்தர அனுமதிப்பதில்லை என்பதை நினைவில் வையுங்கள். மற்றொன்று, மொழி. நான் ஒருவரிடம் காணொளியில் ஆறு வாரங்கள் ஆங்கிலத்தில் முயன்றேன். அப்பா இறந்த அன்று எனக்கு எப்படி இருந்தது என்று அவர் கேட்டபோது, "மனசு அடைச்சுக்கிட்டு வந்துச்சு" என்பதற்கு ஆங்கிலம் தேடி, கிடைக்காமல், வருத்தமாக இருந்தது என்று சொல்லி முடித்துவிட்டேன். அவர் தலையசைத்து அடுத்ததற்குப் போனார். பேச்சே மருந்தாக இருக்கும் சிகிச்சையில் அது பாதி டோஸ். நீங்கள் எந்த மொழியில் கனவு காண்கிறீர்களோ அந்த மொழி தெரிந்தவரைத் தேடுங்கள்.

5. தொலைபேசியில் கேட்க வேண்டியது

என் எட்டு மாதங்களைத் தின்ற கேள்வி இது: "டாக்டர் சைக்கோடைனமிக் தெரபி செய்வாரா?" வரவேற்பில் இருந்தவர்கள் ஒன்று, அந்த டெஸ்ட் இங்கே எடுப்பதில்லை என்றார்கள், அல்லது எல்லாத் தெரபியும் உண்டு என்றார்கள். பேச்சுச் சிகிச்சை என்று எளிமையாக்கிக் கேட்டபோது, "எல்லா டாக்டரும் பேசுவாங்க சார்" என்று பதில் வந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது.

பெயரை விட்டுவிட்டு நேரத்தைக் கேட்கத் தொடங்கியதும்தான் வழி திறந்தது. "டாக்டர் ஒரே நோயாளிக்கு வாரா வாரம், ஒரே நேரத்தில், முக்கால் மணி நேரம் ஒதுக்குவாரா?" இந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்ற இரண்டு பதில்கள்தான் உண்டு. இருபத்து மூன்று இடங்களுக்கு அழைத்தேன். நான்கு இடங்களில் ஆம் என்றார்கள். அந்த நால்வரை நேரில் பார்த்து அடுத்த கேள்விகளைக் கேட்டேன்: இந்த முறையில் எங்கே, எவ்வளவு காலம் பயின்றீர்கள்? இப்போதும் யாரிடமாவது மேற்பார்வை பெறுகிறீர்களா? நீங்களே நோயாளியின் நாற்காலியில் உட்கார்ந்து தெரபி பெற்றதுண்டா? கடைசிக் கேள்வி மரியாதைக் குறைவாகத் தோன்றும். ஆனால் இந்தச் சிகிச்சை பிறந்த உளப்பகுப்பாய்வு மரபில் பயின்றவர்களுக்கு அது வழக்கமான ஒன்று, அவர்கள் முகம் சுளிப்பதில்லை. ஒருவர் சுளித்தார். அவரை நான் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன்.

தவிர்க்க வேண்டியவர்களையும் இந்த அழைப்பிலேயே கண்டுகொள்ளலாம். ஒரே அமர்வில் வேரோடு குணமாக்குவதாகச் சொல்பவர், பன்னிரண்டு அமர்வுக்கான பணத்தை முன்கூட்டியே கட்டச் சொல்பவர், சாப்பிடும் மாத்திரையை முதல் நாளே நிறுத்தச் சொல்பவர், பிறந்த நட்சத்திரம் கேட்பவர். நால்வரையும் நான் சந்தித்திருக்கிறேன். நட்சத்திரம் கேட்டவரின் சுவரில் மற்றவர்களை விட அதிகச் சான்றிதழ்கள் இருந்தன.

உறவினரோ நண்பரோ மனநல மருத்துவராக இருந்தால் அவரிடம் பரிந்துரை மட்டும் கேளுங்கள், சிகிச்சைக்குப் போகாதீர்கள். கடலூர் சிறிய ஊர், மஞ்சக்குப்பத்தில் ஒருவரிடம் சொன்னது மாலைக்குள் திருப்பாதிரிப்புலியூருக்கு வந்துவிடும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. நோயாளியின் விவரங்களை இரகசியமாகக் காப்பது மருத்துவரின் சட்டக் கடமை. ஆனால் காத்திருப்பு அறையில் எதிரில் உட்கார்ந்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. நான் புதுச்சேரியைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

6. செலவைக் கணக்கிடுங்கள்

நான் விசாரித்த இடங்களில் மருந்துக்கான சாதாரணச் சந்திப்புக்கு 500 முதல் 700 ரூபாய் வரை கேட்டார்கள். முக்கால் மணி நேரத் தெரபிக்கு 1,000 முதல் 2,500 வரை சொன்னார்கள். நான் சேர்ந்த இடத்தில் 1,200. மாதத்துக்கு 4,800 என்று கணக்கிட்டேன். ஐந்து வியாழக்கிழமைகள் வரும் மாதத்தில் அது 6,000 ஆகும் என்பதை மறந்துவிட்டேன். விடுமுறைகள் போக ஆண்டுக்கு 44 அமர்வுகள் என்றால் 52,800 ரூபாய். இதற்கு மேல் மருந்து, பேருந்துக் கட்டணம், வாரம் ஓர் அரைநாள் விடுப்பு. ஆறு மாதத்துக்குத் தாங்கும் பணம் கையில் இருந்தால் தொடங்குங்கள். இரண்டு மாதத்துக்கு மட்டுமே இருந்தால் மருத்துவக் கல்லூரி வழியே நல்லது.

காப்பீட்டை நம்பித் திட்டமிடாதீர்கள். உடல்நோய்க்கு நிகராக மனநோய்க்கும் காப்பீடு வழங்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. இருந்தாலும் பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்குத்தான் பணம் தருகின்றன. வாராந்தரத் தெரபி புறநோயாளிச் சிகிச்சை. உங்கள் பாலிசியில் புறநோயாளிப் பிரிவு இருந்தால் ஒவ்வோர் அமர்வுக்கும் பதிவு எண்ணுடன் ரசீது கேளுங்கள். கட்டணக் குறைப்பு உண்டா என்று கேட்க வெட்கப்படாதீர்கள். வாரத்தில் ஓரிரு இடங்களைக் குறைந்த கட்டணத்துக்கு ஒதுக்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

7. முதல் நான்கு சந்திப்புகளுக்குள் ஒப்பந்தம் பேசுங்கள்

முதல் மூன்று நான்கு சந்திப்புகள் இரு தரப்புக்கும் சோதனைக் காலம். அவர் அதிகம் பேச மாட்டார். நான் இரண்டாம் சந்திப்பில் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, இதற்கா 1,200 ரூபாய் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டேன். பிறகு அதையே அவரிடம் சொன்னபோதுதான் சிகிச்சை உண்மையில் தொடங்கியது. மருத்துவர் மீது வரும் கோபம், சலிப்பு, அளவுமீறிய பாசம் ஆகிய எல்லாவற்றையும் அவரிடமே சொல்வது இந்த முறையின் வேலை. அதை மறைத்துக்கொண்டு வேறு மருத்துவரைத் தேடி ஓடுவது பலர் செய்யும் தவறு.

இந்தக் காலத்துக்குள் தெளிவாகப் பேசிவிட வேண்டியவை: வராத அமர்வுக்குக் கட்டணம் உண்டா, எத்தனை நாள் முன்னதாகச் சொன்னால் இல்லை, அவர் விடுமுறை எடுத்தால் எப்போது தெரிவிப்பார், இடையில் தொலைபேசியில் அழைக்கலாமா, நெருக்கடி வந்தால் யாரைப் பார்ப்பது, எத்தனை மாதத்தில் பலனை மறுபரிசீலனை செய்வது. வராத அமர்வுக்கும் பணம் வாங்குவது இந்த முறையில் பரவலான வழக்கம். அந்த நேரம் உங்களுக்கென்று பூட்டி வைக்கப்பட்டது என்பது அதன் நியாயம். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்துக்கும் வைத்திக்குப்பத்துக்கும் சுவாமிகள் புறப்படும் கூட்டத்தில் என் பேருந்து நகராமல் நின்று, அமர்வும் போய், 1,200 ரூபாயும் போயிற்று. அதன் பிறகு, மாசி மகத்துக்கும் ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களுக்கும் காணொளியில் பேசிக்கொள்வது என்று ஏற்பாடு செய்துகொண்டோம். காணொளிக்கு வீட்டில் தனியிடம் வேண்டும். என் வீட்டில் மொட்டை மாடிதான் தனியிடம். அடுத்த வீட்டுக் குக்கர் விசில் என் வாழ்க்கையின் முக்கியமான சில வாக்கியங்களை விழுங்கியிருக்கிறது.

குடும்பத்தார் உள்ளே வந்து உட்கார விரும்பினால் முதல் சந்திப்போடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். அதை நீங்கள் சொல்ல முடியாவிட்டால் மருத்துவரையே சொல்லச் சொல்லலாம். அவர் சொன்னால் அம்மாவும் கேட்பார்.

8. ஒருவரே இரண்டையும் செய்யாவிட்டால்

மருந்தும் தெரபியும் ஒரே மருத்துவரிடம் கிடைப்பது இந்த வட்டாரத்தில் அரிது. கிடைக்கவில்லை என்று தேடலை நிறுத்தாதீர்கள். மனநல மருத்துவர் ஒருவர் மருந்தைக் கவனிக்க, ஆர்.சி.ஐ. பதிவுள்ள மருத்துவ உளவியலாளர் தெரபி செய்வது நன்றாகவே நடக்கும் ஏற்பாடு. என் நண்பர் ஒருவர் நான்கு ஆண்டுகளாக அப்படித்தான் போகிறார். நிபந்தனை ஒன்றுதான்: இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள உங்கள் எழுத்துப்பூர்வமான சம்மதத்தைக் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் தெரபியில் அழுதுவிட்டு வரும் வாரம், அது நோய் முற்றிய அறிகுறி என்று எண்ணி மாத்திரை அளவு கூடும். உண்மையில் அது தெரபி வேலை செய்யும் அறிகுறியாக இருக்கலாம். மாத்திரையைக் குறைப்பதோ நிறுத்துவதோ அதை எழுதியவர் வழியாக மட்டுமே நடக்க வேண்டும். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் தூக்கமின்மையும் வரும் மருந்துகள் உண்டு.

9. நிறுத்தும் முன்

ஆறு மாதம் கழித்தும் எதுவும் நகரவில்லை என்று தோன்றினால் அதை ஓர் அமர்வு முழுக்கப் பேசுங்கள். அதன் பிறகும் விலகுவதென்று முடிவெடுத்தால், குறைந்தது மூன்று நான்கு அமர்வுகளுக்கு முன்பே தேதியைச் சொல்லுங்கள். ஒரு வாட்ஸ்அப் செய்தியோடு முடித்துக்கொள்ளாதீர்கள். கடைசி நாளில், தொடங்கிய தேதி, அமர்வுகளின் எண்ணிக்கை, அவர் கண்ட நோய், கொடுத்த மருந்து ஆகியவற்றை அரைப்பக்கத்தில் எழுதித் தரும்படி அவரிடம் கேளுங்கள். ஏழாவது வாரத்தில் விடைபெற்ற அந்த இளம் மருத்துவர் நான் கேட்காமலேயே எனக்கு அப்படி ஒன்றை எழுதிக் கொடுத்திருந்தார். இப்போதைய மருத்துவர் முதல் நாள் என் கோப்பிலிருந்து எடுத்து, மேசையில் தனியாக வைத்துப் படித்த ஒரே காகிதம் அதுதான்.